பித்தப்பைச் சுவரில் 15 ஆண்டுகள்

சிலி நாட்டின் தெற்கே, மாபுச்சே பழங்குடி மக்கள் பெருமளவில் வாழும் வட்டாரத்தில் தெமூகோ என்றொரு நகரம் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் இறுதியில் சிலிப் பெண்களின் உயிரைப் பறித்த புற்றுநோய்களில் முன்வரிசையில் நின்றது பித்தப்பைப் புற்றுநோய். உலகின் பல பகுதிகளில் அரிதான நோய் அது. தெமூகோவின் நோயியல் மருத்துவர்களுக்கோ அது அன்றாட வேலை. கல்லுக்காக வெட்டி எடுத்த பித்தப்பைகளை அவர்கள் நுண்ணோக்கியின் கீழ் வைத்து அலசிக்கொண்டே இருந்தார்கள்.

அவர்கள் கண்டது ஒரு வரிசை. நாள்பட்ட அழற்சியில் தேய்ந்த உட்சுவரில் முதலில் இரைப்பை, குடல் ஆகியவற்றின் செல்களைப் போன்ற அந்நிய செல்கள் தோன்றுகின்றன. அடுத்து அவற்றின் வடிவமும் அடுக்கும் சீர்குலைகின்றன. பிறகு சுவரைத் தாண்டாத புற்று. கடைசியில் தாண்டிப் பரவும் புற்று. ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளிகளின் சராசரி வயதைக் கணக்கிட்டு, சீர்குலைவுக்கும் முற்றிய புற்றுக்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருக்கலாம் என்று 1996-ல் அக்குழு எழுதியது. மருத்துவத்தில் இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைப்பது பெரிய பேறு. ஆனால் அந்தக் காலம் முழுவதும் நோய் பேசுவதே இல்லை.

இந்த நோயின் எழுத்து வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது. 1777-ல் மாக்சிமிலியன் ஸ்டோல் பிணப் பரிசோதனையில் கண்ட பித்தப்பைப் புற்றை விவரித்தார். அழற்சிக்கும் புற்றுக்கும் உறவு உண்டு என்ற கருத்தை 1863-ல் பெர்லினின் ருடால்ஃப் விர்கோ முன்வைத்தார். 1882 ஜூலை 15 அன்று அதே நகரில், லாசரஸ் மருத்துவமனையில், கார்ல் லாங்கன்புக் ஒரு மனிதரின் பித்தப்பையை முதன்முறையாக அறுத்தெடுத்தார். அதுவரை மருத்துவர்கள் கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை உள்ளேயே விட்டுவந்தார்கள். கல் மறுபடி விளைந்தது. கல்லை விளைவிக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

விர்கோ சொன்ன உறவில், அழற்சி எவ்வளவு காலம் நீடித்தது என்பதே கேள்வி. இதற்குத் தெளிவான சாட்சி ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 1964-ல் அபர்டீன் நகரில் டின்னில் அடைத்த மாட்டிறைச்சியால் டைஃபாய்டு பரவி, நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள். காய்ச்சல் வந்து குணமானவர்களையும், கிருமியை நிரந்தரமாக உடலில் சுமந்தவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். குணமானவர்களிடம் பித்தப்பைப் புற்று கூடவில்லை. சுமந்தவர்களிடம் பல மடங்கு கூடியிருந்தது. டைஃபாய்டுக் கிருமி பித்தப்பைக் கல்லின் மேல் படலம் கட்டி ஆண்டுக்கணக்கில் குடியிருக்கக் கூடியது. செல்கள் சாவதும் புதிதாகப் பிறப்பதுமாக ஓயாமல் நடக்கும் இடத்தில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன.

அப்படியானால் அழற்சியை மருந்தால் அணைத்தால் என்ன? இந்த நம்பிக்கைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1897-ல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மான் ஆஸ்பிரினைத் தூய வடிவில் தயாரித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971 வரை தெரியவில்லை. அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உற்பத்தியாவதை அது தடுக்கிறது என்று லண்டனில் ஜான் வேன் காட்டினார். 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதற்கு நடுவே, 1981-ல், அமெரிக்க ஆய்வாளர்கள் புல்வெளி நாய் எனப்படும் கொறித்துண்ணிக்குக் கொழுப்பு நிறைந்த தீனியோடு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். பித்தப்பையில் சளி அளவுக்கு மீறிச் சுரக்கவில்லை, கல்லும் உருவாகவில்லை. கொலஸ்ட்ரால் படிகங்கள் பற்றிக்கொள்ளும் பசை அந்தச் சளிதான்.

பிறகு வந்தது காக்ஸ்-2 என்ற நொதியின் காலம். அழற்சியின்போது பெருகும் இந்த நொதி, பித்தப்பையின் சீர்குலைந்த செல்களிலும் புற்றிலும் மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டன. பித்தப்பைப் புற்று வரும்படி மரபணு மாற்றிய எலிகளில், இந்நொதியைத் தடுக்கும் ஒரு மருந்து புற்றைக் குறைத்தது என்று 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே கதை திசைமாறிவிட்டது. பெருங்குடல் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்குமா என்று பார்க்கவே, இதே நொதியைத் தடுக்கும் வயாக்ஸ் மாத்திரையை நீண்ட காலம் கொடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2004 செப்டம்பரில் மெர்க் நிறுவனம் அதை உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொண்டது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குப் பல்லாண்டுகள் தரவேண்டிய மருந்து, நோயாளிக்குத் தரும் மருந்தைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். அந்தத் தேர்வில் இவ்வகை மருந்துகள் இன்னும் தேறவில்லை.

சிலி காத்திருக்கவில்லை. 2006-ல், 35 முதல் 49 வயதுக்குள் பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையை அரசு சட்டப்படி உறுதிசெய்தது. புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் ஓசையின்றி நடக்கும் வயதைக் குறிவைத்த துணிச்சலான முடிவு இது. மாத்திரையால் அடைக்க முடியாத வழியைக் கத்தியால் அடைக்க முனைந்த இந்தத் திட்டம், பொதுச் சுகாதார வரலாற்றில் தனி இடத்துக்கு உரியது.

இந்தியாவில் இந்த நோய் கங்கைச் சமவெளியில் மிகுதி, தெற்கே குறைவு. ஆனாலும் கல் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கும் பழக்கம் எங்கும் உண்டு. அம்மருந்து வலியை அடக்கும். அப்போதைய வலி கடும் அழற்சியாக முற்றுவதைக்கூடக் குறைக்கும் என்று 1997-ல் ஒரு சோதனை காட்டியது. கல்லோ அங்கேயே இருக்கும். அடிக்கடி வலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை செய்து எடுத்த பித்தப்பையைத் தவறாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.