பேஸ் கிட்டாரும் பண்ணைப்புரமும்

ஜாக் புரூஸ்னு ஒரு பிரிட்டிஷ் புளூஸ் பேஸ் கிட்டார்காரர். 1943 மே மாசம் ஸ்காட்லாந்துல பொறந்தவர். செல்லோ படிச்சவர். எரிக் கிளாப்டன், ஜிஞ்சர் பேக்கரோட 1966-ல 'கிரீம்' குழுவை ஆரம்பிச்சார். ரெண்டே வருஷத்துல குழு கலைஞ்சு போச்சு. ஆனா பேஸுன்னா பின்னாடி நின்னு 'டும் டும்'னு முட்டுக் கொடுக்கற வாத்தியம்ங்கற நினைப்பை மாத்தினவங்கள்ல முக்கியமானவர். 2014-ல இறந்துட்டார்.

அதே 1943, அடுத்த மாசம், நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பண்ணைப்புரத்துல பொறந்தவர் யாருன்னு நான் சொல்லணுமா என்ன? (எங்க ஏரியா மக்கா, கொஞ்சம் பீத்திக்கறேன், கண்டுக்காதீங்க.) அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல பாடினவர். தம்பி சின்ன வயசுலயே அந்தக் குழுவோட ஊர் ஊரா சுத்தினார். 1960களின் கடைசியில சென்னை. தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை, ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளர் வேலை. 1976-ல 'அன்னக்கிளி'.

இதெல்லாம் ஆயிரம் பதிவுல வந்தாச்சு. நான் சொல்ல வர்றது பேஸ் பத்தி. இளையராஜா பாட்டுல பேஸ் தனியா ஒரு மெட்டு. பாடகர் ஒரு பக்கம் போனா அது இன்னொரு பக்கம் போகும், ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு இடிக்காது. பாக் கிட்ட இருக்கற வித்தை இது. 1986-ல வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணினது சும்மா இல்லை. பேஸுக்கு வேண்டிய ஸ்வரத்தையும் அவரே நொட்டேஷனா எழுதிக் கொடுத்துடுவார்.

சரி, வாசிச்சது யாரு? அவர் குழுவுல பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் அட்டையில பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பேர் இருக்கும். வாசிச்சவங்க பேரைத் தேடினாலும் கிடைக்காது. ஜாக் புரூஸ் பேரு ரெக்கார்டு உறையிலயே இருந்துச்சு. அவரைப் பத்தி புஸ்தகமே வந்திருக்கு.

இன்னொரு கொடுமையும் உண்டு. பேஸ் கிட்டாரோட கீழ்க்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டர் ரேடியோவோட உள்ளங்கை அகல ஸ்பீக்கர்ல அது எங்கிருந்து வரும்? அதனால தேனி பக்கம் டீக்கடையில இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு சசிதரன் பேரும் தெரியல, அவர் வாசிச்சதும் சரியா காதுல விழல.

'இளைய நிலா' (1982) பாட்டுல கிட்டாரை எல்லாரும் சிலாகிக்கறோம். அடுத்த தடவை ஹெட்போன் மாட்டிக்கிட்டு, கிட்டாரை விட்டுட்டு அடியில ஓடறதை மட்டும் கேளுங்க. கேட்டுட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.