தள்ளிப்போடும் கலை

அறந்தாங்கிக் கடைத்தெருவில் சிறு வயதில் கேட்ட மேடைப் பிரசங்கங்களால் நாவன்மை மீது எனக்குத் தீராத மயக்கம் உண்டு. நாக்கைக் கொண்டே ராஜ்யத்தைப் புரட்டிவிடலாம் என்று நம்பியவன் நான். ஒரு காரியத்தை நடக்கவிடாமல் காலம் கடத்தவும் நாக்கு உதவும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இதில் அயர்லாந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1881 ஜனவரி 31-ஆம் தேதி லண்டன் பார்லிமெண்டில், அடக்குமுறை மசோதாவை எதிர்த்துப் பார்னலும் அவர் கட்சிக்காரர்களும் மாறி மாறிப் பேசினார்கள். 41 மணி நேரம் சபை கலையவில்லை. கடைசியில் சபாநாயகரே எழுந்து விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

நம் பக்கத்தில் நடந்ததோ சப்தமில்லாத தாமதம். அந்தக் கதையில் வரும் இருவருமே எங்கள் ஊருக்கு அடுத்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவர்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஒருவர்; 1887-இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி மற்றவர். அம்மையாருக்குத் தாய்வழி தேவதாசி குலம். சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று 1927-இல் சென்னைச் சட்டசபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். வெள்ளைக்காரச் சர்க்காரைத் தம் பேச்சால் திணற அடித்த சத்தியமூர்த்தி, இந்த விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார்.

ஆயினும் தீர்மானம் நிறைவேறியது. தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டமும் 1929-இல் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா 1930-இல் வந்தது. அதற்காக யாரும் 41 மணி நேரம் பேசவில்லை. பொதுஜன அபிப்பிராயம் அறிய வேண்டுமென்று அதைச் சுற்றுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். அதே வருஷம் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதா அனாதையாயிற்று. சட்டம் நிறைவேறியது 1947-இல். இடையில் 17 வருஷங்கள்!

சத்தியமூர்த்தி அதைக் காணவில்லை, 1943-இலேயே காலமாகிவிட்டார். தேசத்துக்காகச் சிறையில் உடம்பைத் தேய்த்தவர். அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் மனசு சமாதானமாகவும் இல்லை. இரவு பகலாகப் பேசுகிறவரைச் சபாநாயகர் உட்கார வைத்துவிடலாம். அபிப்பிராயம் கேட்டு மரியாதையாகத் தபாலில் போன மசோதாவை யார் திரும்ப அழைப்பது?

1930-இல் எட்டு வயதாயிருந்த ஒரு சிறுமியை நினைத்துப் பார்க்கிறேன். சட்டம் வந்தபோது அவளுக்கு வயது 25. அவளிடம் யார் அபிப்பிராயம் கேட்டிருக்கப் போகிறார்கள்?