கெட்டிஸ்பர்க்: வெட்டாமல் விட்ட மரங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு இதுவரை இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை எல்லாரையும் போல அந்த மரத்தோப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். இரும்பு வேலி போட்ட சின்னத் தோப்புதான். 1863 ஜூலை 3 மதியம் தெற்குப் படையின் சுமார் 12,500 பேர், கிட்டத்தட்ட ஒரு மைல் வெட்டவெளியைக் கடந்து இந்த மேட்டை நோக்கி நடந்து வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். பீரங்கி எத்தனை, எந்த ரெஜிமெண்ட் எங்கே நின்றது என்று அரைமணி நேரம் குடைந்து குடைந்து கேட்டேன். இந்த மரங்கள் யாருடையவை என்று மட்டும் கேட்கத் தோணவே இல்லை.

வீட்டுக்கு வந்து வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பேசில் பிக்ஸ். கறுப்பின விவசாயி. போர் முடிந்தபின் அந்த நிலத்தை வாங்கியவர்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 1,60,000 பேர் வரை களத்தில் இருந்தார்கள். செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 51,000. ஊரின் மக்கள்தொகை அப்போது வெறும் 2,400. படைகள் கிளம்பிப் போய்விட்டன. பிணங்களோடு ஊர் தனியாக நின்றது. ஜூலை மாத வெயில் வேறு.

பிக்ஸ் மேரிலாந்தில் பிறந்தவர், அடிமையல்ல. பிள்ளைகள் படிக்கணும் என்று 1858 வாக்கில் எல்லை தாண்டி கெட்டிஸ்பர்க்குக்குக் குடிவந்தார். மேரிலாந்து அப்போது அடிமை மாநிலம். எல்லைக்கோடு பத்து மைலுக்குள் இருந்தது. தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களையும் பிடித்துத் தெற்கே அடிமைகளாகக் கொண்டுபோனது. அதனால் படை வருது என்று கேள்விப்பட்டதுமே ஊரின் கறுப்பினக் குடும்பங்கள் ஓடின. பிக்ஸும் ஓடினார். திரும்பி வந்து பார்த்தால், அவர் குத்தகைக்கு இருந்த பண்ணைவீடு தெற்குப் படையின் மருத்துவமனையாகியிருந்தது. சாமான் சட்டு எல்லாம் நாசம். தோட்டத்தில் தெற்குச் சிப்பாய்களின் புதைகுழிகள்.

அந்த அக்டோபரில், வயலில் அரைகுறையாகப் புதைத்திருந்த வடக்குச் சிப்பாய்களைத் தோண்டி எடுத்து, புதிய தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யும் வேலை தொடங்கியது. ஒரு உடலுக்கு 1.59 டாலர் என்று ஒப்பந்தம். தோண்டும் வேலையைத் துணை ஒப்பந்தமாக எடுத்துச் செய்தவர் பிக்ஸ். கூட இருந்த வேலையாட்களும் கறுப்பினத்தவர்கள். அடுத்த மார்ச் வரைக்கும் 3,354 உடல்கள். நவம்பர் 19 அன்று அதிபர் லிங்கன் வந்து அந்த இரண்டு நிமிட உரையை ஆற்றினாரே, அன்றைக்கு இந்த வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. உரையை உலகமே மனப்பாடம் செய்தது. தோண்டியவர்களைப் பற்றி ரொம்ப நாள் யாரும் பேசவில்லை.

இனி போர்க்களம் பூங்காவான கதை. சண்டை முடிந்த அடுத்த மாதமே டேவிட் மெக்கானஹி என்ற உள்ளூர் வக்கீல் முக்கியமான மேடுகளை விலைக்கு வாங்க ஆரம்பித்தார். களத்தை அப்படியே வைத்திருப்பதே சிறந்த நினைவுச்சின்னம் என்பது அவர் எண்ணம். 1864இல் இதற்கென்று ஒரு சங்கமே பதிவானது. பிறகு ஜான் பேச்சல்டர் வந்தார், ஓவியர், கெட்டிஸ்பர்க்கே கதி என்று கிடந்தவர். அவர் சொன்னபடி பார்த்தால், ஒருநாள் பிக்ஸ் அந்தத் தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார். வரலாறு, பெருமை என்று பேச்சல்டர் எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை. மரத்தை விட்டுவைத்தால் பின்னாளில் பத்து மடங்கு பணம் கிடைக்கும் என்ற பிறகுதான் கோடரியை நிறுத்தினார். 1880களின் தொடக்கத்தில் சங்கம் அந்த இடத்தை அவரிடமிருந்து வாங்கியது. 1892இல் தோப்பின் முன்னால் பெரிய நினைவுச்சின்னம் எழுந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், காசுதானே வேணும் அந்த ஆளுக்கு என்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போரில் வீட்டை இழந்து, ஐந்து மாதம் பிணம் தோண்டிய மனுஷனுக்கு வரலாற்றைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் எடுக்க என்ன இருக்கிறது? அவருக்கு அது விறகு. விறகுக்கு விலை உண்டு.

1893இல் ஒரு டிராம் கம்பெனி களத்துக்குள் பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தண்டவாளம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போர்க்களத்தைக் காப்பதும் பொதுநலன்தான், அதற்காக அரசு நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்று 1896இல் தீர்ப்பு வந்தது. வரலாற்று இடங்களைக் காப்பதற்கு இன்றும் அடிக்கல்லாக இருப்பது இந்தத் தீர்ப்பு. இதற்கிடையில் 1895இலேயே நாடாளுமன்றம் அதைத் தேசிய ராணுவப் பூங்கா ஆக்கியிருந்தது. இன்று சுமார் 6,000 ஏக்கர், 1,300க்கு மேல் நினைவுச்சின்னங்கள். களத்தைப் பார்க்கவென்று தனியார் 1974இல் 307 அடிக்குக் கட்டிய கோபுரத்தை, 2000 ஜூலை 3 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். 1863இல் இல்லாத காடுகளை வெட்டி, அன்றிருந்த பழத்தோட்டங்களை மறுபடி நட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, மண்ணை இவ்வளவு அக்கறையாகக் காத்த இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மண்ணைக் காப்பது வேறு, காரணத்தைக் காப்பது வேறு. 1913இல் சண்டையின் ஐம்பதாம் ஆண்டுக்கு இரண்டு பக்கத்துப் பழைய சிப்பாய்களும் 50,000 பேருக்கு மேல் வந்து கூடினார்கள். தோப்புக்குப் பக்கத்துக் கல்சுவரில் வெள்ளைத்தாடிக் கிழவர்கள் கைகுலுக்கிக்கொண்ட போட்டோ மனசைத் தொடும். அதிபர் வில்சன் வந்து, சண்டையை மறந்தாயிற்று, வீரத்தை மட்டும் மறக்கமாட்டோம் என்ற பொருளில் பேசினார். எதற்காக அந்தச் சண்டை? அடிமைமுறை என்ற விஷயம் அந்தக் கைகுலுக்கலுக்கு இடைஞ்சலாக இருந்தது. அதனால் ஓரமாக வைத்துவிட்டார்கள். 1917இல் லீயின் சிலையும் களத்தில் ஏறியது. நாட்டின் உள்நாட்டுப் போர்ப் பூங்காக்கள் அடிமைமுறையின் பங்கைப் பற்றியும் பேசவேண்டும் என்று நாடாளுமன்றம் அழுத்தம் கொடுத்தது 2000 வாக்கில்தான். போர் முடிந்து 135 வருஷம்!

இரண்டாவது தடவை போனபோது நேராக லிங்கன் இடுகாட்டுக்குப் போனேன். பெயர்தான் லிங்கன், ஊருக்குள் இருக்கும் சின்ன இடம். கறுப்பின மக்கள் 1867இல் தங்களுக்கென்று ஏற்படுத்திக்கொண்டது. வடக்குக்காகப் போரிட்ட கறுப்பினச் சிப்பாய்கள் சுமார் 30 பேர் அங்கே இருக்கிறார்கள். தேசிய இடுகாட்டில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது; விதிவிலக்காக ஓரிருவர்தான் அங்கே உண்டு. அந்தத் தேசிய இடுகாட்டின் உடல்களைத் தோண்டிச் சேர்த்த பேசில் பிக்ஸும், 1906இல் இறந்தபின், இங்கேதான் அடங்கினார்.

அப்புறம் தோப்புக்கும் போனேன். இந்தத் தடவை போட்டோ எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் வேலியோரமாக நின்றுவிட்டு வந்தேன். முதல் தடவை நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்தான், பதில்களும் சரிதான். ஆனால் அந்தப் பதில்கள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

கெட்டிஸ்பர்க் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களத்தைச் சுற்றிப் பார்க்க எப்படியும் ஒரு நாள் ஆகும். அதில் அரைமணி நேரத்தை லிங்கன் இடுகாட்டுக்கு ஒதுக்குங்க. அங்கே போய்விட்டுத் தோப்புக்கு வாருங்க. அந்த வரிசையில் பார்த்தால் இரண்டும் புரியும்.