மடிநோய் மருந்தும் மரத்தடி வைத்தியமும்

பேராவூரணிப் பக்கம் காவிரித் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். கடைமடைக்கு வைத்தியமும் அப்படித்தான் வந்தது. பெருவியாதி கண்டவர் அந்தக் காலத்தில் இங்கிருந்து கும்பகோணத்தை ஒட்டிய சாக்கோட்டை வரை போக வேண்டும். கத்தோலிக்க மிஷனரிகள் அங்கே தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது 1916-ல்.

அதே 1916-ல் கொரியாவின் தென்கோடியில், சொரொக்தோ தீவில், ஜப்பானிய ஆட்சியும் ஒன்றைத் தொடங்கியது. பெயர்தான் மருத்துவமனை. நோயாளிகளைச் செங்கல் அறுக்க விட்டார்கள். சேர்ந்து வாழ விரும்பிய தம்பதியருக்கு 1936 முதல் கருத்தடை அறுவை கட்டாயம். இயக்குநர் சுஹோ தனக்கே சிலை வைத்துக் கும்பிடச் சொன்னார்; 1942-ல் ஒரு நோயாளி அவரைக் குத்திக் கொன்றார்.

நம்மூரில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் போலீஸ் வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம் என்ற 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நம்மிடமும் இருந்தது. அதை ரத்து செய்தது எப்போது தெரியுமா? 2016-ல்!

அன்றைக்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். சித்த வைத்தியர்கள் அறிந்த விதைதான். டாக்டர்கள் அதை ஊசியில் ஏற்றினார்கள். கெட்டி எண்ணெய், போட்ட இடம் வீங்கிக் கட்டியாகும், சில நேரம் சீழ் பிடிக்கும். இப்படி வாராவாரம், வருஷக்கணக்கில். பாதியில் ஓடிப்போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோயைத் தெரியும். மடி கல்லாகும், பாலில் திரி திரியாக வரும். அந்த மடிநோய்க்குக் கொடுத்துவந்த மருந்துதான் டாப்சோன். மனித உடம்பு தாங்காது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1946 வாக்கில் அதை எண்ணெயில் கலந்து, அளவைக் குறைத்து நோயாளிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். கேட்டது. பிறகு அதுவே மாத்திரையானது. விலையும் சல்லிசு.

மாத்திரை என்றால் வீட்டிலிருந்தே விழுங்கலாமே, ஆளை எதற்கு அடைத்து வைக்க வேண்டும்? காங்கோவில் பழகிவந்த பெல்ஜிய டாக்டர் ஹெமெரிக்ஸ் 1955-ல் மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் மரத்தடி வைத்தியம் தொடங்கினார். குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு மருந்து வந்துவிடும்; நோயாளி நடந்து வந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். என்னைக் கேட்டால், டாப்சோனைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அந்த மரத்தடிதான்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம்தான் ‘ரத்தக்கண்ணீர்’ திரைக்கு வந்தது. அதில் தொழுநோயாளியாக எம்.ஆர்.ராதா நடித்ததை யார் மறப்பார்? கூடவே, இந்த நோய் தப்பு செய்தவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்ற எண்ணமும் ஊரில் தங்கிவிட்டது.

டாப்சோனுக்குக் கிருமி பழகிப்போனதால், 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இப்போது 6 மாதம், கிருமி அதிகமுள்ளவர்களுக்கு 12 மாதம். அதில் ஒரு மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். அக்கம்பக்கம் கண்டுகொள்ளுமே என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. நிறுத்தினால் கறுப்பு தானாக மாறும், நோய் மாறாது.

2005 டிசம்பரில் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பலர் ஒழிந்தது என்றே எடுத்துக்கொண்டோம். 2023-ல் மட்டும் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் புது நோயாளிகள். உலகக் கணக்கில் பாதிக்கும் அதிகம்.

தேமல்தானே என்று விட்டுவிடாதீர்கள். வெளிறிய இடத்தில் பேனா முனையால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்துக்குக் காசு கிடையாது.