உணர்வைக் கிளறும் மின்னஞ்சல் மோசடி

ஆசை, அச்சம், இரக்கம், வெட்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கிளறிவிட்டு, பெறுபவர் யோசிக்குமுன் பணத்தையோ கடவுச்சொல்லையோ கறந்துவிடும் ஏமாற்று முறை. கணினியோடு பிறந்ததல்ல இது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் செல்வந்தரை மீட்க உதவி கேட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கடிதங்கள் சுற்றின.

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கும் திருவொற்றியூரில் எளிதில் எடுபடக்கூடியது மின்னஞ்சலில் வரும் கப்பல் வேலைக் கடிதம். பார்த்தால் அசல் போலவே இருக்கும். நங்கூர முத்திரை, நீல மையில் கையெழுத்து, டாலரில் சம்பளம், வேலை தேடும் பையனின் முழுப்பெயர். நான்கு நாளில் சிங்கப்பூரில் கப்பலேற வேண்டும், விசாவுக்கு 38,000 ரூபாய் கட்ட வேண்டும், சேர்ந்ததும் அது திரும்பக் கிடைக்கும். ‘ஒரே இடம்தான் பாக்கி, வெளியில் சொல்ல வேண்டாம்’ என்று கடைசியில் ஒரு வரி. பணம் போய்ச் சேருவது ஏதோ தனியாள் கணக்குக்கு. அந்த நான்கு நாள் கெடு, வீட்டு நகை அடகுக்கடைக்குப் போவதற்குள் யாரும் நிதானிக்கக் கூடாது என்பதற்காக. ரகசியம் எதற்கு? தெருவில் இருபது வருஷம் கப்பலில் போய்வந்த ஒருவர் இருப்பார். அவரிடம் கடிதத்தைக் காட்டினால் கதை முடிந்தது.

அவர் சொல்லக்கூடியது இதுதான்: கப்பல் பணியாளரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. 2015இல் இந்தியா ஏற்ற 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி விசாச் செலவும் கப்பல் முதலாளியுடையது. ஆகவே ‘விசாப் பணம்’ என்ற சொல்லே கடிதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆள் சேர்க்கும் ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தக் கூடாது. முகவரியை நாமே தட்டெழுதிப் போக வேண்டும்.

இந்தக் கடைசி விதி இவ்வூருக்குப் புதிதல்ல. பெரியபுராணக் கதையில், மணந்தபின் பிரியேன் என்று சன்னதியில் சத்தியம் செய்யத் தயாராக இருந்த சுந்தரரை, அங்கே வேண்டாம், மகிழமரத்தடியில் செய்யுங்கள் என்று தோழியர் மூலம் மடக்கியவர் மணப்பெண்ணான திருவொற்றியூர்ச் சங்கிலியார். எதிராளி காட்டும் இடத்தில் சரிபார்க்காமல் தாம் குறித்த இடத்தில் சரிபார்த்தார்.

வேலை ஆசை காட்டும் வலையில் பணத்தோடு ஆளும் போவதுண்டு. 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை திரும்பிய 13 தமிழர்கள், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள். அங்கே அவர்களை இணைய மோசடியில் ஈடுபடக் கட்டாயப்படுத்தினார்கள்.

அச்சத்தைக் கிளறும் வகையில் இரண்டு பரவலானவை. ஆபாசப் படம் பார்த்ததாகக் குற்றம்சாட்டி சிபிஐ பெயரில் வரும் போலி அழைப்பாணை ஒன்று. நம் பழைய கடவுச்சொல்லையே முதல் வரியில் எழுதி, ‘கேமரா வழியாகப் படம் பிடித்துவிட்டோம்’ என்று மிரட்டுவது மற்றொன்று. அந்தக் கடவுச்சொல் எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் இருந்து எடுத்தது. கேமரா கதை பெரும்பாலும் வெறும் மிரட்டல்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வழியுண்டு. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். கணினி வழி ஆள்மாறாட்ட ஏமாற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெட்கத்தில் சிலர் முதல் வேலையாக அந்த மின்னஞ்சலை அழித்துவிடுகிறார்கள். அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரமும் அதோடு போய்விடுகிறது.