செல்ஃப் எடுக்காத கார்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இராமானுசர் அவதரித்த தலம் என்பதே ஒரு காலத்தில் நினைவுக்கு வரும். இன்று கார்களும் நினைவுக்கு வருகின்றன. ஊருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் அமைத்த ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் சாண்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. தெற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஒரகடத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை வண்டலூரில் முடிகிறது. அந்த வண்டலூரிலே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1950-களிலேயே கார்களை உருவாக்கியது. 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே பிறந்ததுதான். 1980-களின் இறுதியில் அந்த ஆலையின் கார் உற்பத்தி நின்றுபோயிற்று.

முதல் சாண்ட்ரோக்களுக்கு இப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர் எவரும் மெக்கானிக்கிடம் ஒரு நாளாவது இப்படி முறையிட்டிருப்பார்: "காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. மதியம் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. போன மாதந்தான் புது பாட்டரி போட்டேன்!" எப்போதும் இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் கோளாறுதான் பணத்தைத் தின்னும். பாட்டரியை மாற்றுவார்கள், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவார்கள். கோளாறோ இருந்த இடத்திலேயே இருக்கும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய, இந்தச் 'செல்ஃப்' வந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

நீராவி எந்திரத்துக்கு நீராவியைத் திறந்துவிட்டால் போதும், அது நகரத் தொடங்கும். பெட்ரோல் எந்திரம் அப்படியன்று. அது முதலில் காற்றையும் எரிபொருளையும் உறிஞ்ச வேண்டும், அழுத்த வேண்டும். அதன் பிறகே பொறி பட்டு வெடித்து வேலை செய்யும். ஆகவே முதல் சில சுற்றுகளுக்கு வேறு யாராவது உழைக்க வேண்டும். தொடக்கத்தில் மனிதனின் கை உழைத்தது. காரின் முன்புறம் ஒரு வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார்கள். பொறி கொஞ்சம் முன்னதாகப் பட்டுவிட்டால் எந்திரம் எதிர்ப்பக்கமாக உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடி என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்தது இதனால்தான்.

பைரன் கார்ட்டர் என்ற அமெரிக்கக் கார்த் தயாரிப்பாளர் 1908-இல் இறந்தார். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரை ஸ்டார்ட் செய்து கொடுக்கப் போய்க் கைப்பிடி உதைத்த காயமே அவர் சாவுக்குக் காரணம் என்றும், அதனால் மனம் நொந்த காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்டு கைப்பிடியை ஒழிக்க முனைந்தார் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும், வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங். 1911-இல் அவர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது.

மின் மோட்டாரால் எந்திரத்தைச் சுழற்றலாம் என்பது கெட்டரிங்குக்கு முன்பே பலருக்குத் தோன்றியதுதான். ஆனால் அவ்வளவு விசை தரும் மோட்டார் காருக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்குமே என்று தயங்கினார்கள். கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் பணப்பெட்டி எந்திரத்துக்கு மோட்டார் அமைத்தவர். பணப்பெட்டி மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி ஓடினால் போதும். மின்னோட்டத்தால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், நேரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். நேரம் மிகச் சிறிதானால், சின்ன மோட்டாரிலும் தாங்கொணா மின்னோட்டத்தைச் செலுத்தலாம்; கம்பிகள் கருகும் முன்பே வேலை முடிந்துவிடும். இந்த ஒரு சிந்தனையே கையை விடுவித்தது. (சாவியைத் தொடர்ந்து அரை நிமிடம் திருகிப் பிடிக்காதீர்கள் என்று சொல்வதும் இதனாலேயே.) 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்று உலகம் அதை வியந்து அழைத்தது. 'ஸ்டார்ட்டர்' தேய்ந்து, நம் ஊரில் 'செல்ஃப்' மட்டும் நின்றுவிட்டது.

நம் நாட்டில் கைப்பிடி உடனே மறையவில்லை. அம்பாசடர் காரில் ஸ்டார்ட்டர் இருந்தும் கைப்பிடிக்கு ஒரு துளை நெடுங்காலம் விடப்பட்டிருந்தது. சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார்கள் இங்கேயே தயாராயின. பின்னர் சாலினாய்டு பொருத்திய மோட்டார்கள் பெருகின. சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய கம்பி வழியே சாலினாய்டுக்கு மின்சாரம் போகும். அது ஒரு பல்சக்கரத்தை ஃபிளைவீலின் பற்களில் தள்ளிக் கோத்துவிட்டு, உள்ளே இருக்கும் தடித்த செம்புத் தொடுமுனைகளையும் மூடும். ஆக, உழைப்பு குறையக் குறைய நடுவே இணைப்புகள் கூடின. பழைய கோளாறு கையில் தெரிந்தது. புதிய கோளாறு இணைப்புகளில் மறைந்துகொண்டது.

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, பாட்டரியும் கம்பியும் சரிதானே?" என்று பலரும் கேட்பார்கள். இங்கேதான் ஓம் விதி கைகொடுக்கிறது. பாட்டரி முனையில் மாவு போலப் படிந்த உப்பினால் 0.03 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். 55 வாட் விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர் போதும். அந்தத் தடையில் இழப்பு 0.27 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ 120 ஆம்பியர் கேட்கிறது என்றால், அதே தடையில் இழப்பு 3.6 வோல்ட்! உண்மையில் அவ்வளவு மின்னோட்டம் வந்து சேராது. மோட்டாரின் திருப்புவிசை விழுந்துவிடும். 120 ஆம்பியர் பாய்ந்தால் அந்த மூட்டில் எழும் வெப்பம் 432 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் திறனில் ஏறக்குறையப் பாதி. முயன்று பார்த்த பிறகு சூடாக இருக்கும் மூட்டுதான் குற்றவாளி. கையைச் சுட்டுக்கொள்ளாமல் பாருங்கள்.

காலையில் சரி, மதியம் இல்லை என்பதற்கும் விடை உண்டு. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். ஓடி நின்ற எந்திரத்தின் அருகே சாலினாய்டு 50 டிகிரி சூடேறினால் அதன் சுருளின் தடை ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்து, இழுவிசை குறையும். ஏற்கெனவே தளர்ந்த இணைப்பு இருந்தால், சித்திரை வெயிலில் அது எல்லையைத் தாண்டிவிடும்.

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பும்போது ஒரு 'டக்' ஒலி மட்டும் வந்து விளக்கு மங்கவில்லையென்றால், சாலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் உள்தொடுமுனையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ மின்சாரத்தை விடவில்லை. ஸ்பானரால் மோட்டாரை மெல்லத் தட்டினால் அது சுழல்வதும் தேய்ந்த பிரஷ்ஷின் அடையாளம். 'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால் பாட்டரியோ அதன் முனைகளோ பலவீனம். மோட்டார் இழுத்ததும் மின்னழுத்தம் சரிகிறது, சாலினாய்டு பிடியை விடுகிறது, சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. நம் ஆய்வகத்து மின்சார மணியேதான்! எந்த ஒலியுமே இல்லாவிட்டால் சாவி ஸ்விட்ச், ரிலே, மெல்லிய கம்பி ஆகியவற்றைத் தேடுங்கள். எந்திரம் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு குடும்பம்: பெட்ரோல் பம்பு, பொறி, சூடேறினால் மயங்கும் கிராங்க் சென்சார் ஆகியவை.

கடைசிச் சான்று வோல்ட்மீட்டர். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயத் தண்டிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கம்பியின் கவ்வியிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல மூட்டில் மீட்டர் அநேகமாக அசையாது. அவ்வாறே எதிர்முனைத் தண்டுக்கும் எந்திர உடலுக்கும் இடையிலும், நேர்முனைத் தண்டுக்கும் மோட்டாரின் தடித்த திருகாணிக்கும் இடையிலும் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. ஒன்று முக்கியம்: கோளாறு நிகழும் வேளையில்தான் இந்த மீட்டர் பேசும். பலர் முதலில் உப்புத்தாளால் எல்லா முனைகளையும் தேய்த்துவிட்டுப் பிறகு அளக்கிறார்கள். அது தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றது என்பது என் கருத்து. மீட்டரைக் காரிலேயே வைத்திருந்து, நின்ற இடத்தில் அளந்துவிட்டுப் பிறகு தேய்க்கலாம்.

ஹூண்டாய் நிறுவனம் 2019-இல் கோனா என்ற மின்சாரக் காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்சாரக் காரில் கெட்டரிங்கின் ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. ஆயினும் பெரிய மின்கல அடுக்கோடு ஒரு சிறிய 12 வோல்ட் பாட்டரியும் அதில் உண்டு. பெரிய அடுக்கை இணைக்கும் ஸ்விட்சுகளை மூடுவது அதுதான். அந்தச் சிறிய பாட்டரி ஓய்ந்தால், பெரிய அடுக்கு நிறைந்திருந்தாலும் கார் எழுந்திராது.