கல்கிக்கு என்ன அவசரம்?

கோர் விடாலின் ‘கல்கி’ நாவலைப் பழைய புத்தகக் கடையில் பெயருக்காகத்தான் எடுத்தேன். நமக்குக் கல்கி என்றால் ரா. கிருஷ்ணமூர்த்தி, அவருடைய பத்திரிகை, தொடர்கதை. இதுவோ 1978இல் ஓர் அமெரிக்கர் எழுதியது. முதல் தடவை படித்தபோது நம் புராணத்தை எடுத்து விளையாடியிருக்கிறார் என்ற எரிச்சல்தான் மிஞ்சியது. அண்மையில் மறுபடி படித்தேன். எரிச்சல் போய்விட்டது, அந்த இடத்தில் வந்ததும் சுகமானதாக இல்லை.

ஜிம் கெல்லி வியட்நாமில் இருந்து வந்தவன். காட்மாண்டுவில் ஆசிரமம் வைத்து, தானே விஷ்ணுவின் கடைசி அவதாரம் என்கிறான். உலகம் முடியத் தேதியும் குறிக்கிறான். ஆசிரமத்துக்குப் பின்னால் போதைப்பொருள் பணம். அவனுடைய ஆட்கள் காகிதத் தாமரைகளை உலகெங்கும் இலவசமாக வழங்குகிறார்கள், தாமரையில் கிருமி. குறித்த நாளில் ஐந்து பேர் தவிர மனித குலமே மடிகிறது. கதை சொல்கிற டெடி ஆட்டிங்கர் ஒரு விமானி. என்ன தூவுகிறோம் என்று தெரியாமலே உலகைச் சுற்றித் தாமரை தூவியவள் அவள்தான்.

விடால் இதை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. 1973 நவம்பரில் ஹூஸ்டன் நகரின் பிரும்மாண்டமான ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில், பதினாறு வயதுகூட நிரம்பாத குரு மஹராஜ் ஜி மூன்று நாள் விழா நடத்தினார். சீடர்கள் அவரைப் ‘பூரண குரு’ என்றார்கள். நாவலில் மிஞ்சும் ஐவருக்கும் விடால் அதே பட்டத்தைச் சூட்டுகிறார். கிருமி ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975இல்தான் அமலுக்கு வந்தது. குருவும் கிருமியும் ஒரே பத்தாண்டின் செய்திகள். இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் விடாலின் வேலை. 1954இலேயே ‘மெஸ்ஸையா’ என்ற நாவலில், மரணமே நல்லது என்று தொலைக்காட்சியில் போதிப்பவனை அவர் படைத்திருந்தார்.

என் பழைய எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. புராணக் கல்கி உலகை அழிப்பவன் அல்ல. சம்பளம் என்ற கிராமத்தில் விஷ்ணுயசஸின் வீட்டில் பிறந்து, மிலேச்சரையும் கொள்ளையரையும் ஒழித்து, தர்மத்தை நிறுத்துகிறவன். எஞ்சியவர்கள் அடுத்த கிருத யுகத்துக்கு விதை. பிரளயம் வேறு கணக்கு. கலியுகமோ 4,32,000 வருஷம், கி.மு. 3102இல் தொடங்கியதாக மரபு. இன்னும் நாலு லட்சத்துக்கு மேல் பாக்கி. அவனுக்கு என்ன அவசரம்?

இப்போது படிக்கையில், அந்தப் பிசகுதான் நாவலின் விஷயம் என்று படுகிறது. நம் கதையில் யுகம் தானாக முடியும். கெல்லிக்கு அதை முடித்துவைக்க வேண்டும். தேதி குறிக்கிற காலம் பைபிள் உலகத்தின் காலம். அதற்கு நம் பெயர் வேஷமாகிறது. இன்னொரு பரிகாசமும் உண்டு. மிலேச்சரை ஒழிக்க வரவேண்டியவனின் ஆசனத்தில் மிலேச்சனே உட்கார்ந்திருக்கிறான்.

நாவல் வந்த அதே ஆண்டு நவம்பரில் ஜோன்ஸ்டவுனில் 900க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1984இல் ஓரிகனில் ரஜனீஷின் சீடர்கள் சிலர் உணவகங்களில் கிருமி கலந்து 751 பேரை நோயில் தள்ளினார்கள். சிவனையும் பைபிளின் இறுதிப் போரையும் ஒன்றாகக் குழைத்த அசஹாராவின் ஓம் ஷின்ரிக்யோ 1993இல் டோக்கியோவில் கட்டிட உச்சியிலிருந்து ஆந்த்ராக்ஸ் தெளித்தது. அது வீரியமற்ற வகை என்பதால் பலிக்கவில்லை. 1995இல் சுரங்க ரயிலில் விட்ட ஸாரின் வாயு பலித்தது. இவற்றுக்குப் பிறகு நாவலை அங்கதம் என்று ஒதுக்கிவைக்க முடிவதில்லை.

ஆனால் எல்லாம் அவர்கள் பிசகு என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அழிக்கப்பட வேண்டியவர்களின் ஜாபிதா நம் புராணத்திலேயே இருக்கிறது. பெரியாழ்வார் அவதாரங்களை அடுக்கிக் கற்கியில் கொண்டு முடிக்கிறார். ஜெயதேவர் கல்கியின் கையில் வாளைக் கொடுத்துப் பாடுகிறார். பாட்டாக இருந்தவரை அந்த வாள் யாரையும் வெட்டவில்லை. நம்மைக் காத்தது நம் கருணை அல்ல, அந்த நீண்ட கணக்குத்தான். கணக்கைச் சுருக்க ஒருவன் வந்தால் ஜாபிதா தயாராக இருக்கிறது.

புராணம் வாக்களித்த விதையையும் விடால் தர மறுக்கிறார். மிஞ்சிய பெண்களில் டெடியும் இன்னொருத்தியும் பிள்ளை பெற இயலாதவர்கள். கல்கியின் ரத்தமும் அவன் லட்சுமியின் ரத்தமும் ஆர்.ஹெச். பொருத்தமில்லாதவை. கூட இருந்த டாக்டருக்கு இது முன்பே தெரியும். அடுத்த மனித குலத்துக்குத் தானே தகப்பனாகிவிடலாம் என்பது அவர் கணக்கு. கல்கி அவரைக் கொல்கிறான். கிருத யுகம் ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிந்துபோகிறது.

என்னை உறுத்துவது டெடிதான். அவள் பக்தை அல்ல, சம்பளத்துக்கு வந்தவள். விமானத்தை ஒழுங்காக ஓட்டினாள், அவ்வளவுதான். கடைசியில் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து நடந்ததை எழுதுகிறாள். படிக்க ஒருவரும் இல்லை. முந்நூறு பிரதி அச்சிடுகிற நமக்கு அந்த நிலைமை அவ்வளவு அந்நியமல்ல. ஆனால் வாசகர் இல்லாததை அவள் பெரிய துக்கமாகச் சொல்லவில்லை. தூவியபோது கேட்காத கேள்வியை எழுதும்போதாவது கேட்கிறாளா என்று பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். எனக்குத் தென்படவில்லை.